பட்டு – தயார்

அச்சாகிவிட்டது என்று லேப்டாப் நான்காவது முறையாகப் புளுகியது. மேசைமேல் இருந்த புது பிரிண்டரோ ஒரு தாளைக்கூட இழுக்காமல் ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தது. சனியன்.

பன்னிரண்டு மணிக்குள் மகளின் பள்ளி விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். மணி பத்தரை. கணவனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு, இந்த லேப்டாப்போடு தப்பி வந்து பதினெட்டு நாளாகியிருந்தது. விண்ணப்பத்தில் எழுதியிருந்த புது முகவரியைக் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட அவள் சொல்லவில்லை. இரண்டு அறை, ஒழுகும் குழாய், வீட்டுக்காரர் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டிவைத்த மூன்றாவது அறை, அதன் கதவிடுக்கில் எந்நேரமும் கசியும் பழைய துணி வாடை. இருக்கட்டும், எலி வளையானாலும் தனி வளை. ‘தந்தையின் கையெழுத்து’ என்ற கட்டத்தைக் காலியாக விடலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

பிரிண்டர் விற்ற கடையின் மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள்.

“பட்டியல்ல எத்தனை பிரிண்டர் காட்டுது மேடம்?”

“ரெண்டு. புதுசு இணைப்புல இல்லைன்னு வருது. இன்னொண்ணு…” திரையைக் குனிந்து மறுபடி பார்த்தாள். “இன்னொண்ணு பட்டு. தயார்னு இருக்கு.”

பட்டு என்பது மகளின் செல்லப்பெயர். மகள் பிறந்த வாரத்தில், தன் அறையில் இருந்த பிரிண்டருக்கும் கணவன் அதே பெயரை வைத்தான்.

“அப்ப எல்லாம் அதுலதான் போய் விழுந்திருக்கும்,” மெக்கானிக் சிரித்தான். “தாளை எடுத்துக்கோங்க, வேலை முடிஞ்சுது.”

“அது இங்க இல்லைங்க. வேற ஊர்ல இருக்கு.”

“வேற ஊர்ல இருந்தா தயார்னு காட்டாதே மேடம். வயர் இல்லாத பிரிண்டர் தானாவே சிக்னல் விடும், முப்பது அடிக்குள்ள இருந்தாத்தான் தெரியும். நல்லாத் தேடுங்க, வீட்டுக்குள்ளதான் இருக்கும்.”

போனை வைத்துவிட்டான். அவள் எழுந்து கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.

அப்போதுதான் கேட்டது. தாளை இழுக்கும்போது இரண்டு முறை கிறீச்சிட்டு, ஒரு கணம் நின்று, பிறகு உறுமலோடு ஓடும் சத்தம். கணவன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்று ஆறு வருடம் அவன் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவள் தெரிந்துகொண்டது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

பூட்டிய அறையிலிருந்து வந்தது.

கூடத்துக்கு ஓடினாள். பூட்டு வெளியில்தான் தொங்கியது. அதன்மேல் தூசி. யாரும் தொடாத தூசி.

கதவருகே மகள் குந்தியிருந்தாள். கையில் மூன்று தாள்கள்.

“அம்மா, சுடுது பாரேன்.”

வாங்கிப் பார்த்தாள். மூன்றிலும் அந்தக் கட்டம் காலியாக இல்லை. பச்சை மை. அவன் கையெழுத்து. ஈரம் விரலில் ஒட்டியது.

“பட்டு… இங்க வா.”

மகள் திரும்பவில்லை.

கதவுக்கு அடியில் நான்காவது தாள் நீண்டது. பாதி வந்து நின்றது. மகள் முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் உள்ளே போனது. மறுபடி இழுத்தாள். மறுபடி உள்ளே போனது.

மகள் கிளுகிளுவென்று சிரித்தாள்.

“அப்பா, விடு,” என்றாள்.