பாசிக்கு ஏற்ற வெளிச்சம்

மழைக்கு ஒதுங்கியவன் அல்ல அவன். தக்காளி நாற்றுக்கு விளக்கு வாங்க வந்தவன். மழைதான் பின்னாலேயே வந்து கடை வாசலை அடைத்துக்கொண்டது...

அலமாரியில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவன் அதன் மேல் கை வைத்த நொடியில் இன்னொரு கையும் வந்து விழுந்தது. நிமிர்ந்தான். ஒரு பெண். நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்... அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரார் கண்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு. இருந்தும் திணறிப் போனான்.

"இது எனக்கு வேணும்," என்றாள் அவள்.

"எனக்கும்தான். உங்களுக்கு எதுக்கு?"

"பாசி வளர்க்க."

"ஊரே பாசியைச் சுரண்டி எறியுது... நீங்க விளக்குப் போட்டு வளர்க்கப் போறீங்களா?"

அவள் பக்கத்துத் தெரு பல் டாக்டர். வீட்டுக்குக் கீழேயே இருந்த கிளினிக்கில் கடல்மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தாள். மீன்களின் கழிவு தண்ணீரைக் கெடுக்கிறது. அந்தத் தண்ணீரைச் சொரசொரப்பான வலை மேல் வழியவிட்டு வெளிச்சம் காட்டினால், வலையில் பாசி படர்ந்து கழிவைத் தின்றுவிடும். அவ்வப்போது பாசியைச் சுரண்டினால் போதும் என்றாள்.

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "கடல்னா நீலம்தானேம்மா? நீலத்தை எடுத்துக்கங்க, ஜோரா இருக்கும்."

"நீலம் பார்க்கிறவங்க கண்ணுக்கு அழகு, அண்ணே. பாசிக்குச் சிவப்புதான் சாப்பாடு."

அவன் கையை எடுத்தான். "சரி, நீங்களே வச்சுக்கங்க. ஆனா சுரண்டுற பாசியை எனக்குத் தந்துடணும். செடிக்கு உரம்."

வாய் முந்திக்கொண்டுவிட்டது. அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்... "ஞாயித்துக்கிழமை கிளினிக்குக்கு வாங்க."

போனான். வலையில் பச்சையே இல்லை. வெளிறிய மஞ்சள் கொழகொழப்புதான். அவள் குழம்பிப் போயிருந்தாள். "சிவப்பு தப்போ? வெள்ளையே வாங்கியிருக்கணுமோ?"

விளக்கு வலையை ஒட்டி நாள் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. "கிட்ட வச்சா நாத்தும் இப்படித்தான் வெளுக்கும். தள்ளி வச்சு, நேரத்தையும் குறைச்சுப் பார்க்கலாமா?" என்றான். இருவரும் சேர்ந்து நகர்த்தினார்கள். விரல்கள் உரசின... அவனுக்குத்தான் என்னவோ செய்தது.

பிறகு பாசி பச்சைப் பசேலென்று படர்ந்தது. அவள் பையில் அள்ளிக் கொடுத்தாள். வீட்டில் பிரித்தபோதுதான் உறைத்தது. கடல்நீர்ப் பாசி... முழுக்க உப்பு! செடிக்குப் போட்டால் சமாதிதான். ஆனால் அதைச் சொன்னால் அவளை எந்தச் சாக்கில் போய்ப் பார்ப்பது? "தக்காளி காய்ச்சுக் குலுங்குதுங்க!" என்று கூசாமல் புளுகினான். பாசியெல்லாம் ஃப்ரீசருக்குப் போனது.

"ஒண்ணு இந்தச் சேறு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்டா!" என்றாள் அம்மா.

அவனுக்குத் தலை சுற்றியது. உப்பென்று டாக்டருக்குத் தெரியாதா? தெரிந்தால் ஏன் கொடுக்கிறாள்? ஒரு நேரம் சிரிக்கிறாள், மறு நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்... ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிறு அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "கடையில புது ஸ்டாக் வந்திருக்கு. நான் வேற வாங்கிக்கறேன். நீங்க விட்டுக்கொடுத்த விளக்கை எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே நீங்க வர வேண்டாம்."

"ஏங்க... நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"வாராவாரம் வர்றது யாருன்னு அப்பா கேட்டார். பாசிக்காக வர்றவர்னு சொன்னேன். வேற என்ன சொல்லட்டும்?"

வீறாப்பாகக் கிளம்பிவிடலாம் என்று வாசல்வரை போனான். கால் நகரவில்லை. திரும்பி வந்தான்.

"பாசிக்காக வரலைங்க... உங்களுக்காகத்தான் வந்தேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. பாசியைச் செடிக்குப் போடவே இல்ல. அது உப்பு."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீங்க கேட்ட அன்னிக்கே. கடல் உப்பைக் கரைச்சுத் தொட்டியை நிரப்புறவளே நான்தானே?"

"அப்புறம் ஏங்க குடுத்தீங்க?"

அவள் கண்கள் தாழ்ந்தன. கன்னம் சிவந்துவிட்டது...

"உதவாதுன்னு சொல்லியிருந்தா... நீங்க வந்திருப்பீங்களா?"

அவன் சந்தோஷத்தில் சிரித்துவிட்டான்.

"என்கிட்ட சொல்லவே இவ்வளவு நாள்," என்றாள் அவள், விளக்கை அணைத்தபடி. "அப்பா மாடியிலதான் இருக்கார். அவர்கிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"நீங்க கூட வந்தா... இப்பவே."

அவள் முன்னால் படியேறினாள்.