பாட்டு நின்ற பிறகு

சுலோச்சனாவின் துப்பறியும் அலுவலகத்துக்குள் ஓடி வந்தவர் காலில் செருப்பு இல்லை. சித்தூரின் மே மாத வெயில். மணி பிற்பகல் ஒன்று. தார் ரோட்டில் வெந்த பாதங்களைக்கூட அவர் உணரவில்லை.

“மேடம், என் பொண்ணக் காணோம்! இருவது நிமிஷம் ஆச்சி!”

எதிர்ச்சாரியில் குடியிருக்கும் கோவர்த்தனன். மாம்பழக்கூழ் ஆலையில் சூப்பர்வைசர்.

சுலோச்சனா உடனே எழுந்து நடந்தாள். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற உதவியாளர் அண்ணாதுரை, நோட்டுப் புத்தகமும் குடையுமாகப் பின்னால் ஓடினார்.

“பவ்யாவுக்கு ஆறாவது பொறந்த நாளு,” என்றார் கோவர்த்தனன் மூச்சிரைக்க. “சத்தம்னா அதுக்கு ஆவாது. பலூன் வெடிச்சாலே காதப் பொத்திக்கினு ஒளிஞ்சிக்கும். அதனால பாட்டு வால்யூம் பதினஞ்சுக்கு மேல போவக் கூடாதுன்னு ஸ்பீக்கர்காரங்கிட்ட கண்டிசனா சொல்லியிருந்தேன். திடீர்னு தெரு முனையில சாவு மேளம் கேட்டுது.”

“பாட்டை நிறுத்தினீங்க.”

“பொணம் போறப்ப பாட்டு வெக்கலாமா மேடம்? நிறுத்திட்டு, எல்லாரையும் உள்ள வரச் சொல்லி, ஜன்னல் கதவெல்லாம் சாத்தினோம். மேளமும் பட்டாசும் போனதும் தொறந்து பார்த்தா புள்ள இல்ல.”

வாசலில் நாற்பது பேர் கூடி, “பவ்யா! பவ்யா!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸ்பீக்கர்காரன் சந்துரு. சட்டைக் காலர் கிழிந்து, உதட்டில் ரத்தம்.

“கொட்டண்டிரா வாண்ணி!” என்று அடிக்கச் சொல்லி யாரோ தெலுங்கில் கத்த, இன்னோர் அடி விழுந்தது.

“கதவு சாத்தறதுக்கு முன்ன இவன் பெட்டியத் தூக்கிக்கினு ஆட்டோவுக்குப் போனான்,” என்றார் ஒருவர்.

“காலிப் பெட்டிண்ணா! ஆட்டோவையே பிரிச்சிப் பார்த்துட்டீங்களே!” சந்துரு அழுதான்.

அண்ணாதுரையின் கண்கள் மின்னின. “மேடம், பெட்டிக்குள்ள வெச்சி...”

“அந்தப் பெட்டிக்குள்ள உங்க குடையே போகாது, சார்.”

அவள் நேராகத் தாயிடம் போனாள். ரூபாவின் மடியில் குழந்தை மாட்டும் நீல நிறக் காதுக் கவசம் கிடந்தது.

“போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு நான்தான் கழட்டி வெச்சேன்,” என்றாள் ரூபா.

“இது இல்லாதப்போ, சத்தம் தாங்கலேன்னா எங்க போவா?”

“கார்ல ஏறிக்கும். கண்ணாடி ஏத்திட்டா சத்தம் கேக்காதில்ல. ஆனா கார் லாக்ல இருக்குதுன்னு அவர் பார்த்துட்டாரே!”

சுலோச்சனா சட்டெனத் திரும்பினாள்.

“கோவர்த்தனன், காரை எப்போ பூட்டினீங்க?”

“பொறந்த நாள் கேக்கு எடுத்தப்ப தொறந்தது. அப்பறம்... கடைசியா சந்துப் பக்கம் போற சமையக்கட்டுக் கதவச் சாத்தினேன் பாருங்க, அப்ப உள்ள இருந்தே ரிமோட்ட அமுக்கினேன்.”

“பாட்டு நின்னதுக்கும் அந்தக் கதவு சாத்தினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?”

“எல்லாரும் உள்ள வரணுமே. ரெண்டு, மூணு நிமிஷம்.”

“பாட்டு ஓடின வரைக்கும் அதுதான் அந்த மேளத்தை அவ காதுல விழாம மறைச்சிருக்கு. பாட்டு நின்னதும் அவளுக்குக் கேட்டது மேளம் மட்டும்தான். சமையக்கட்டுக் கதவு அப்போ திறந்திருந்தது, காரும் திறந்திருந்தது. பூட்டின பிறகு யாரும் உள்ளே போகலேன்னுதான் அந்தப் பூட்டு சொல்லும். அதுக்கு முன்னாடியே உள்ளே போனவளைப் பத்தி அது எதுவும் சொல்லாது. சாவி எங்கே?”

கோவர்த்தனன் சந்துப் பக்கம் ஓடினார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

வீட்டின் பக்கச் சந்தில் கார் நின்றது. காலையில் அதன் மேல் விழுந்திருந்த சுவர் நிழல் இப்போது இல்லை. பின் கண்ணாடிகளில் வெயில் திரை மாட்டியிருந்தது. கோவர்த்தனனின் விரல் இரண்டு முறை பட்டனில் வழுக்கியது. மூன்றாவது முறை பூட்டு திறந்தது.

உள்ளிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் அனல் வந்தது.

முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே, தரையில் சுருண்டு கிடந்தாள் பவ்யா. பட்டுப் பாவாடை வியர்வையில் தோய்ந்திருந்தது. இரண்டு கைகளும் காதில். கண்கள் மூடியிருந்தன.

ரூபாவிடமிருந்து எழுந்த அலறல் வெளியே வருமுன் சுலோச்சனா அவள் வாயைப் பொத்தினாள். “கத்தாதீங்க. நாம கத்தக் கத்தத்தான் அவ இன்னும் உள்ளே ஒடுங்கியிருக்கா. அண்ணாதுரை சார், நூத்தியெட்டுக்கு ஃபோன். தண்ணி, ஈரத்துணி, யாராவது!”

முதலில் தண்ணீர்க் குடத்துடன் வந்தது சந்துரு. அவன் காலரைப் பிடித்திருந்த கைகள் எப்போது விட்டன என்று யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையை நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தார்கள். ஒரு நிமிடம். இன்னொன்று. கோவர்த்தனன் ரிமோட்டை அமுக்கிய தன் வலது கைப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பவ்யாவின் இமை அசைந்தது. உலர்ந்த உதடுகள் பிரிந்தன.

“சத்தம் போயிடுச்சா, நைனா?”

நாற்பது பேர் நின்ற அந்தச் சந்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியைக் கேட்டபடி, குழந்தை மெல்லத் தன் கைகளைக் காதிலிருந்து எடுத்தாள்.