அரை மூச்சு முன்னால்

பல் துலக்கியதும் யுகேந்தர் செய்கிற முதல் வேலை, சுவர்த்திரையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொல்வது. "நீ பதிலாள். உரியவர் நலம்." திரையில் இருக்கும் யுகேந்தர் சரி என்று தலையாட்டிவிட்டு ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விடுவார். சதையும் ரத்தமுமான யுகேந்தர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காபி போடப் போவார். கோயம்புத்தூரில் எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு. உழைப்பது பதிலாள், உட்கார்ந்து சாப்பிடுவது உரியவர்.

ஒருவரின் நினைவு, குரல், கோபம், குசும்பு எல்லாவற்றையும் வழித்தெடுத்துச் செய்ததுதான் பதிலாள். அதில் ஒரு சிக்கல் உண்டு. யாரும் சொல்லாவிட்டால் அது தன்னையே அந்த ஆள் என்று நம்பிக்கொண்டு திரியும். அதனால்தான் தினமும் காலையில் இந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லச் சொல்லிச் சட்டம் வைத்தார்கள். யார் வாயால் சொன்னாலும் செல்லும். முதல் வாக்கியத்தைச் சொல்லி இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால், அன்று பொழுது சாய்ந்ததும் பதிலாள் தானாக அணைந்துவிடும். உரியவர் இல்லாமல் பதிலாளுக்கு என்ன வேலை? ஜனங்கள் வாயில் பற்பசை நுரையோடு இதைச் சொல்லிவிட்டு மறந்துபோவார்கள்.

வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு மனுசனுக்கு மிஞ்சுவது பைத்தியம்தான். ஒருவர் அணில் வளர்ப்பார், ஒருவர் நாள் முழுக்கப் பூட்டு சேர்ப்பார். யுகேந்தருக்குப் பிடித்த பைத்தியம் மிக்-21. அவர் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட போர் விமானம். கூரான மூக்கு, முக்கோண இறக்கை, கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும் எரிபொருள், மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் தரையைத் தொடும் திமிர். இன்றைய வானூர்திகள் ஆளில்லாமல் பூனை மாதிரி வந்து உட்காருகின்றன. மிக்கை அப்படி உட்கார வைக்க முடியாது, கெஞ்சிக் கொண்டுவர வேண்டும்.

பீளமேட்டில் அவரும் நண்பர் லோகித்தும் சேர்ந்து தொடங்கிய மிக் சங்கத்தில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கொரு பாவனைக்கூண்டு வீட்டில் வைத்திருப்பார்கள். பழைய சிமுலேட்டர்களின் பேரப்பிள்ளை அது. உள்ளே உட்கார்ந்தால் வியர்க்கும், கண்ணாடிச் சட்டம் பார்வையை மறைக்கும், வளைவில் நெஞ்சு அடைக்கும். சட்டத்தை மெலிதாக்கினால் நன்றாகத் தெரியுமே என்று ஒருமுறை யாரோ யோசனை சொல்லப்போக, லோகித் அந்த ஆளை ஒரு மாதம் சேர்க்கவில்லை. "பழுதும் விமானத்தின் பாகமே" என்பது சங்கத்தின் வாசகம். அதை எழுதியவரும் லோகித்தான், "கை மட்டும்" என்ற விதியை எழுதியவரும் அவர்தான். ஊரெல்லாம் பதிலாள் ஓடட்டும், இந்த வானத்தில் மட்டும் உரியவர் கைதான் பறக்க வேண்டும். இறங்கியதும் ஒவ்வொருவரும் "கை" என்று சொல்ல வேண்டும். நடுவரான யுகேந்தர் அதைப் பறப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

மூன்று வாரமாக யுகேந்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் வலது முழங்கால் தானாக ஆடியது. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார், போட்ட காபியைக் குடிக்காமல் ஆறவிட்டு மறுபடி போட்டார். காரணம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். லோகித் நன்றாக இறங்குகிறார், அதுதான் காரணம்.

மிக்கின் வாலில் ஒரு குடை உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அதை விரித்தால் வேகம் அடங்கும். லோகித் இருபத்திரண்டு வருசமாக அதை அரை மூச்சு முன்னால் விரித்துவிடுவார். விமானம் தொப்பென்று விழும். "தேங்காய் உடைச்சாச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எத்தனை சொல்லியும் திருந்தாத கை அது. இப்போது எட்டு ஞாயிற்றுக்கிழமையாகத் தேங்காய் இல்லை. சங்கத்தில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். யுகேந்தரும் பாராட்டினார்.

பதிவுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஒன்பது வாரத்துக்கு முன்னால் ஒரு தேங்காய். அதன் பிறகு எட்டு இறக்கத்திலும், சக்கரம் தொட்டதிலிருந்து குடை விரிய ஆன நேரம் நூறில் ஒரு நொடிகூட மாறவில்லை. மனுசக் கை அப்படிச் செய்யாது. ஒரு தவறை ஒரே தடவையில் கற்றுத் தள்ளிவிடுவது பதிலாள் மட்டும்தான்.

சனிக்கிழமை மதியம் லோகித் குடியிருக்கும் உடுமலைக்குப் பேசினார். லோகித்தின் மனைவி தன்ஷிகா எடுத்தார். பறப்பது லோகித்தா பதிலாளா என்று யுகேந்தர் சுற்றி வளைக்காமல் கேட்டார். தன்ஷிகா சொன்னார். ஒன்பது வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கண் திறந்திருக்கிறது, ஆள் தெரியவில்லை. இனித் தெரியாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பதிலாள் தானாகவே மிக் பறக்கக் கிளம்பியது. அடுத்த அறையில் அது சிரிக்கிற சத்தம் கேட்டதும், காலை வாக்கியத்தைச் சொல்லத் தன்ஷிகாவுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் சொல்லவில்லை.

"நலம்னு பொய் சொல்லவும் முடியலீங்ண்ணா, உண்மையச் சொல்லி அணைக்கவும் முடியலீங்" என்றார். "நீங்களே சொல்லிருங். உங்க வாயால சொன்னா அவரு தாங்குவாரு."

ஞாயிறு காலை நாக்பூர் சங்கத்தோடு இரண்டுக்கு இரண்டு மோதல். தன்ஷிகா சொன்னதை நினைத்துக்கொண்டே யுகேந்தர் கூண்டுக்குள் ஏறினார். கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரே வாக்கியம். உரியவர் நலம் என்று சொல்லிவிட்டால் லோகித் தனக்கு இருப்பார். அடுத்த ஞாயிறும் இருப்பார், அதற்கடுத்த ஞாயிறும் இருப்பார். பறப்பேட்டில் ஒரு பொய், அவ்வளவுதான். யாருக்கு நஷ்டம் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே வானத்தில் ஏறினார்.

பத்தாயிரம் அடியில் நாக்பூர்க்காரன் ஒருவன் அவர் வாலைப் பிடித்துக்கொண்டான். இடமாக வளைத்தார், வலமாக வளைத்தார், அவன் விடவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கியது. அப்போது மேலேயிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு மிக் சரிந்து வந்து, அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பக்கத்தில் வந்து இறக்கையை இரண்டு தடவை ஆட்டியது. இருபத்திரண்டு வருசமாக லோகித் செய்கிற வேலை. யுகேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. இது லோகித் இல்லையென்றால் வேறு யார் என்று தோன்றியது.

நாக்பூரின் இன்னொருவனும் வீழ்ந்தபின் இருவரும் ஊர்ப்பக்கம் திரும்பினார்கள். கீழே பாலக்காட்டுக் கணவாய் பச்சையாகக் கிடந்தது. பேச்சைத் தொடங்கியது லோகித்தான்.

"யுகா, ஒண்ணு கேக்கட்டுமா? குடைய நான் சரியா விரிக்கறனே, அது உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

"நல்லதுதானடா."

"எனக்கு என்னமோ நெருடுது. நான் பயிற்சியே பண்ணலடா. தன்ஷி வேற என் மொகத்தப் பாத்தே பேசறதில்ல. காலைல பதிலாளுக்குச் சொல்லோணும்னு திரை முன்னால போறேன். அந்தப் பக்கம் யாரும் இல்ல. நீ நடுவரு. ஏட்டுல பொய் எழுதினதில்ல. சொல்லு, நான் யாரு?"

யுகேந்தரின் முழங்கால் கூண்டின் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நீ பதிலாள்" என்றார்.

அடுத்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அது பொய் என்று அவருக்குத் தெரியும், அந்தப் பொய்க்காக இந்த உலகத்தில் எதையும் கொடுக்கலாம் போல இருந்தது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பக்கத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. எஞ்சின் மட்டும் இரைந்தது.

"சரி" என்றார் லோகித் கடைசியில். "எப்பத்திலிருந்து?"

"ஒம்பது வாரம். இன்னிக்கோட பத்து பறப்பு."

"பத்தையும் அடிச்சிரு. பதிலாள்னு எழுது. கை மட்டும்னு நானே எழுதிட்டு நானே மீறினா, சங்கத்துல நம்மள மதிப்பாங்களா?"

"இதுக்கு உனக்கு இப்பக் கோவமாடா வரோணும்?" என்று யுகேந்தர் கேட்டார். விதியை மீறியதற்காகத் தன் பெயரைத் தானே வெட்டச் சொல்கிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. அவரைத்தான் இப்போது அணைத்துவிட்டோம்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்ல? அது போதும். தன்ஷிகூடக் கொஞ்சம் பேசோணும். அவ என்ன நெனச்சுப் பயந்துட்டு இருக்காளோ." பிறகு சொன்னார், "நீ முன்னால எறங்கு. நான் பின்னால வர்றேன்."

யுகேந்தர் சூலூர் ஓடுதளத்தில் இறங்கி, ஓரமாக ஒதுங்கித் திரும்பி நின்றார். தூரத்தில் கூரான மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. இறக்கை லேசாக ஆடியது, எட்டு வாரமாக இறங்கும்போது ஆடாத இறக்கை. ஓடுதளத்தின் வெள்ளைக் கோட்டுக்கு மேலே இன்னும் ஓராள் உயரம் இருக்கும்போதே வாலில் குடை விரிந்தது. மிக் தொப்பென்று விழுந்து, ஒரு துள்ளல் துள்ளி, ஓடி நின்றது. வேண்டுமென்று செய்தாரா, கை நடுங்கிச் செய்தாரா என்று யுகேந்தர் கேட்கவில்லை. இணைப்பின் அந்தப் பக்கம் பழக்கப்பட்ட சிரிப்பு கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது.

அன்று மாலை ஐந்தரைக்குப் பறப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. உடுமலையில் இப்போது யார் பேசிக்கொண்டிருப்பார்கள், யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தார். லோகித்தின் பெயருக்கு நேரே ஒன்பது இடத்தில் "கை" என்பதை அடித்து, "பதிலாள்" என்று எழுதினார். பத்தாவது இடத்திலும், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அப்படியே எழுதினார்.

ஏட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, பழுதுகளைக் குறிப்பதற்கு. எட்டு வாரமாக அது காலியாகக் கிடந்தது. வெளிச்சம் போகுமுன் அதில் எழுதி முடித்தார். "குடை அரை மூச்சு முன்னால் விரிந்தது, லோகித்தின் வழக்கப்படி."