விளக்கு வைத்தால் தெரியும் முகம்

10.11.2025, திங்கள்

இன்று த்ரீ டி பிரிண்டிங் வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். முதல் பயிற்சிக்கு அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் படத்தைப் பொருத்தும் சட்டங்களில் முதலாவதாக இருந்ததைப் பார்க்காமல் அழுத்திவிட்டேன். அது கருமாதி ஆர்டர்களுக்காக சார் செய்து வைத்திருக்கும் சட்டம். அம்மா கழுத்தில் பூமாலை விழுந்துவிட்டது. அச்சு முடிந்து பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன். நாளை சரியான சட்டத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

சூர்யகலா எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ‘சின்ன’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டாள். எதிரில் அம்மா அம்சவள்ளி சோறு தின்றுகொண்டே இடது கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

“கழுத்துல என்னாம்மா?”

“தெரியலடி. சாயங்காலத்துல இருந்து அரிக்குது. களை எடுக்கறப்போ எதுனா பூச்சி ஏறியிருக்கும்.”

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. விழுப்புரத்து ஜெராக்ஸ் கடையில் பகலெல்லாம் வேலைக்கு நின்றுவிட்டு, பஸ் பிடித்து, விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, திண்டிவனம் பேருந்து நிலையத்தின் பின்பக்கமாக இறங்கி ஓடினால்தான் வகுப்புக்குப் போய்ச்சேர முடியும். கீழே மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி செழியன் சாரின் கிஃப்ட் கடை. வகுப்பு மாடியில். படிக்க வருகிறவர்கள் சந்துப் பக்கத்துப் படியில் ஏறி, அதே வழியில் இறங்கிவிடுவார்கள். கடையின் முகப்பைப் பார்க்க அவர்களுக்கு வேலையே இல்லை.

த்ரீ டி பிரிண்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. சூடான முனையொன்று வெள்ளைப் பிளாஸ்டிக்கை உருக்கி, நூலைவிட மெல்லிசாக இழுத்து, ஒரு வரியின் மேல் இன்னொரு வரியாக அடுக்கிக்கொண்டே போகும். கொசு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம், கருகிய சர்க்கரைப் பாகு போல ஒரு வாசனை. கடைசியில் கையில் கிடைப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. சும்மா பார்த்தால் மேடும் பள்ளமுமான வெள்ளை ஓடு, அவ்வளவுதான். பின்னால் விளக்கு வைத்தால் மெல்லிய இடம் வெளிச்சமாகி, தடித்த இடம் நிழலாகி, போட்டோ எழுந்து வரும். விளக்கு வைக்காமல் அதில் இருப்பது யார் என்று செய்தவரால்கூடச் சொல்ல முடியாது.

சூர்யகலா இந்தமுறை சட்டத்தின் பெயரை வாய்விட்டுப் படித்தாள். பிறகு பக்கத்தில் இருந்த, கூடப் படிக்கும் கலையரசியையும் படிக்கச் சொன்னாள். வீட்டைப் பூட்டினால் நாலு தப்படி போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் சூர்யகலா. அம்மாவின் படம் சித்திரையில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆயும்போது எடுத்தது. யாரோ சொன்ன எதற்கோ பல் தெரியச் சிரித்த முகம்.

அச்சு முடிந்தது. தகட்டை விளக்குப் பலகைமேல் நிறுத்தினாள்.

மாலை இருந்தது.

“என்னாடி இது,” என்றாள் கலையரசி. “உங்கம்மா மேல அவ்ளோ கோவமா உனக்கு?”

“மாலை இல்லாத சட்டம்தான. நீயும்தான பாத்த.”

“நான் பாத்தேன். உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலையப் போட்டு, பின்னால வெளக்கையும் வச்சி நிக்கற. எங்கம்மாவா இருந்தா வெளக்கமாறு பிஞ்சிருக்கும்.”

செழியன் சார் எட்டிப் பார்த்தார். முழுப்பெயர் நெடுஞ்செழியன். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. “பழைய ஃபைல அனுப்பிக்கினு மிஷினக் கொற சொல்லாதம்மா. மிஷின் நாம சொன்னதத்தான் செய்யும்.”

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் ஃபைலைத் திறந்து பார்த்தாள். அதில் மாலை இல்லை. தகட்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். வீட்டுக்குப் போகும் கிளியனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பார்த்தாள். இறங்குவதற்கு முன் இன்னொருமுறை. மாலையில் ஒவ்வொரு இதழும் தனியாகத் தெரிந்தது. அம்மாவின் வாய்தான் மூடியிருந்தது. பல் தெரியவில்லை. தடிப்பு அளவு தப்பாகக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு தட்டில் காய்ந்திருந்தது.

“கழுத்துல ஈரத்துணியப் போட்டு வச்சாப்புல பாரமா இருக்குதுடி. தலயத் தூக்க முடியல.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாமாம்மா?”

“இதுக்கெல்லாமா? ஒரு மாத்திரயப் போட்டுக்கினு படுத்தா சரியாப் பூடும். நீ ஏன் என்னையே பாத்துக்கினு இருக்கற?”

புதன்கிழமை வேறு படம், வேறு பிரிண்டர். சட்டமே இல்லை. வெறும் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினாள். முனை போவதும் வருவதுமாக இருந்தது. பாதி அச்சில் இழை அறுந்தது. திரும்பக் கோத்து ஆரம்பித்தாள். கரண்டு போனது. திரும்பவும் ஆரம்பித்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு, விரல்நுனி சூட்டில் சிவந்து, கூண்டுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றபோது, பாகு வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல மேலே வந்தது. சாமந்தி. மறுநாள் ஆன சாமந்தி, தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்து, காம்பு அழுக ஆரம்பிக்கும் வாசனை. ஜன்னலுக்கு வெளியே பூக்கடை எதுவும் இல்லை.

அம்மாவுக்கு போன் போட்டாள்.

“பூ எதுனா வாங்கனியாம்மா?”

“நான் எங்க வாங்கறது. நீதான் யாருகிட்டயாவது குடுத்தனுப்பிக்கிறன்னு நெனச்சேன். வூடு பூரா வாசன.” அம்மாவின் குரல் தொலைவிலிருந்து வருவதுபோல இருந்தது. “அதுகூடப் பரவால்லடி. இந்த வெளிச்சம்தான் பேஜாரா இருக்குது. ராவெல்லாம் யாரோ முதுகுக்குப் பின்னால டார்ச் அடிச்சிக்கினே இருக்கறாப்புல. திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்ல.”

சூர்யகலா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பிரிண்டர் தட்டிலிருந்து தகட்டைப் பெயர்த்தெடுத்த கலையரசி, பழக்கத்தில், அதை விளக்குப் பலகைமேல் வைத்தாள்.

“ஐயோ,” என்றது போனில் அம்மாவின் குரல். “இதோ. இப்பக் கூட.”

பலகையில் அம்மா இருந்தாள். மாலையோடு. கண்கள் மூடியிருந்தன.

சூர்யகலா விளக்கின் ஒயரைப் பிடுங்கினாள். கலையரசி திட்டினாள். சார் கத்தினார். எதுவும் அவள் காதில் விழவில்லை. ஒவ்வொரு முறையும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தது அவள்தான். டியூப்லைட்டில். பஸ்ஸில். போகும் வழியெல்லாம். பார்ப்பதற்கு விளக்கு வேண்டும். மாலை போட்ட படத்துக்கு விளக்கு. சரிபார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் அம்மாவுக்குத் தன் கையாலேயே அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு தகடுகளையும் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்தாள். உடைக்கலாம் என்று தோன்றியது. உடைத்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. உடைக்கவில்லை. பார்க்கவும் இல்லை. அன்றிரவு பூட்டைக்கூட அவள் இரண்டாவது முறை இழுத்துப் பார்க்கவில்லை.

வியாழன் மதியம் ஜெராக்ஸ் கடையின் பின்கட்டிலிருந்து போன் செய்தாள்.

“இப்ப எப்பிடிம்மா இருக்குது?”

“இருக்குதுடி.”

“என்னா இருக்குது?”

“வெளிச்சம். போகவே இல்ல. ராத்திரி, பகல் எல்லாம் பின்னாலயே நிக்குது. கை எல்லாம் வெளுத்துப் போச்சி. சோத்துல உப்பு இருக்குதா இல்லயான்னே தெரியல.”

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேற்றிலிருந்து எந்த விளக்கையும் தொடவில்லையே. தகடுகள் பையில் இருக்கின்றன. துணிக்குள். இருட்டில். பிறகு யார்? கடைக்காரர் கூப்பிட்டதற்கு எரிந்துவிழுந்தாள். யாருடைய ரேஷன் கார்டையோ தலைகீழாக வைத்து நகல் எடுத்தாள். திரும்ப எடுத்ததும் தலைகீழ்.

அன்று மழை பலத்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் நின்றதால் திண்டிவனத்தில் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார்கள். குடையைச் சாய்த்துக்கொண்டு கடைகளின் ஓரமாக நடந்தாள். முதல்முறையாக சாரின் கடை முகப்பு வழியாக வந்தாள்.

ஷோகேஸில் அம்மா.

திங்கட்கிழமை தகடு. கழிவுப் பெட்டியில் போட்டது. சுத்தமாகத் துடைத்து, கருப்புச் சட்டத்தில் மாட்டி, பின்னால் எல்.ஈ.டி. எரிய, சிரித்த முகத்தோடு அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு சீட்டு: நினைவு விளக்குகள் செய்து தரப்படும்.

“சார்.” கடைக்குள் ஏறினாள். “சார், இத யாரு வச்சது?”

“நான்தான் வச்சேன்.” செழியன் சார் பெருமையாகச் சிரித்தார். “கருமாதி ஆர்டருக்குக் காட்ட சாம்பிள் இல்லாம கெடந்தது. நீ தூக்கிப் போட்டுட்டுப் போனது நல்லா வந்திருந்தது. திங்கக்கெழமையில இருந்து அணைக்காம எரியுது. ரோட்டுல போறவங்க நின்னு பாக்கறாங்க. கும்புட்டுட்டுக்கூடப் போறாங்கம்மா.”

“இவங்க எங்கம்மா சார். உசுரோட இருக்காங்க.”

சாரின் சிரிப்பு அப்படியே நின்றது. “அதச் சொல்லியிருக்கலாமில்ல,” என்றார்.

அவள் ஷோகேஸைத் திறந்து ஒயரை இழுத்தாள். விளக்கு அணைந்தது. தகடு காய்ச்சல் நெற்றி மாதிரி சுட்டது. சட்டத்திலிருந்து கழற்றி விரலால் தடவினாள். மேடு பள்ளம் இருக்க வேண்டிய இடம். இல்லை. வழவழவென்று இருந்தது. கடையின் விளக்குக்கு நேராக, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ஒரே ஒருமுறை பிடித்தாள். ஒரே சீரான வெள்ளை. முகம் இல்லை, மாலை இல்லை. பையிலிருந்த இரண்டையும் எடுத்தாள். அவையும் வெறும் தகடுகள்.

 கடை வாசலுக்கு வந்து, மழைச்சாரலில் நின்றபடியே போன் போட்டாள்.

“போயிடுச்சிடி,” என்றாள் அம்மா. எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்கும் குரல்போலத் தெளிவாக இருந்தது. “இப்பத்தான் சட்டுனு வெளிச்சம் நின்னுது. கழுத்துப் பாரமும் இல்ல. மழ ஜாஸ்தியா இருக்குது. வகுப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஜல்தி வந்து சேரு.”

கிளியனூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஏனென்று தெரியாமலே சிரித்தாள். சார் சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமையே எல்லாரிடமும் சொல்லியிருக்கலாம். அதைக்கூட வீட்டுக்குப் போய் எழுதிவைக்க வேண்டும். பஸ் நிற்க நிற்க எரிச்சல் வந்தது. ஓட்டுநர் ஏன் இப்படி உருட்டுகிறார் என்று இருந்தது. இறங்கியதும் சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீடு இருட்டாக இருந்தது. தெருவில் மற்ற வீடுகளில் விளக்கு எரிந்தது.

“ஏம்மா இருட்டுல உக்காந்துக்கினு இருக்கற?”

“இப்பத்தான் கண்ணுக்கு நிம்மதியா இருக்குது.” சுவர் ஓரத்திலிருந்து குரல் வந்தது. “நனஞ்சிட்டியா? தலயத் தொவட்டு. சோறு போடறேன்.”

அம்மா எழுந்தாள். புடவை சரசரக்கவில்லை. ஏதோ ஒன்று லேசாகக் கிரீச்சிட்டது, ஓட்டோடு ஓடு உரசுவதுபோல. சாமந்தி வாசனை அவளைத் தாண்டிப் போனது. சூர்யகலா துண்டைத் தேடிக் கொடியைத் துழாவினாள்.

சமையற்கட்டில் சுவிட்சு தட்டும் சத்தம்.

டியூப்லைட் துடித்தது. அணைந்தது. துடித்தது.

எரிந்தது.

அம்மா தட்டோடு சமையற்கட்டு வாசற்காலில் நின்றாள். விளக்கு அவளுக்குப் பின்னால். முகம் கருப்பாகத் தெரிய வேண்டும்.

கருப்பாக இல்லை.

வெளிச்சம் ஊடே வந்தது. கன்னத்தின் ஊடே. நெற்றியின் ஊடே. குறுக்கே வரி வரியாக, நூலைவிட மெல்லிசாக, ஒன்றின் மேல் ஒன்று. முடி தடிப்பு. கண்ணுக்குக் கீழே மெல்லிசு. சித்திரை மாதத்துச் சிரிப்பு, பல் தெரிய. கழுத்தில் மாலை. ஒவ்வொரு இதழும்.

“என்னாடி அப்பிடிப் பாத்துக்கினு நிக்கற? உக்காரு.”

சிரித்த வாய் அசையவில்லை.

13.11.2025, வியாழன்

அம்மா தூங்கிவிட்டாள். இருட்டில் தொட்டுப் பார்த்தேன். கை வழக்கம்போலத்தான் இருக்கிறது, கொஞ்சம் வழவழப்பு. சமையற்கட்டு டியூப்லைட்டைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். வாசல் கிழக்கு பார்த்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா தினமும் விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டு உள்ளே திரும்புவாள்.

நாளை: அம்மாவுக்கு முன்னால் எழுந்து நானே வாசல் தெளிக்க வேண்டும். கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு அட்டை அடிக்க வேண்டும். அம்மாவுக்குப் பின்னால் சூரியன் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.