போட்டு வாறம்

2024 நவம்பர் 16ஆம் திகதி அல்பேட்டும் மனைவி ஜென்சியும் மகள் றொஷினியும் சஸ்காச்சுவான் மாகாணத்துப் புல்வெளியிலிருந்து மொன்றியலுக்குத் திரும்பி, செயின்ட்-மிஷேலில் அல்பேட்டின் தம்பி டனிஸ்ரனின் வீட்டில் குடியேறினார்கள்.

மைசூர்ப் பருப்பு பயிரிடப் போனவர்கள். அந்தப் புல்வெளியில் காணி வாங்கிய முதல் தமிழ்க் குடும்பம். முதல் வருடம் ஆலங்கட்டி மழை அடித்தது. அடுத்த வருடம் மழையே இல்லை. காணியை விற்றுவிட்டு வந்தார்கள்.

"விவசாயி வந்திட்டார்," என்று டனிஸ்ரன் படியில் நின்று சிரித்தான். "பருப்பு ஒரு பையாவது கொண்டந்தனீங்களோ, அண்ணை?"

"கடையிலை வாங்கித் தாறன். பெட்டியைத் தூக்கு."

டிசம்பரில் மண் விழத் தொடங்கியது.

படுக்கையறைக் கூரையிலிருந்து, சீனி கொட்டுவது போன்ற மெல்லிய ஓசையோடு விழுந்தது. கூரையில் வெடிப்பு இல்லை. மேல்வீட்டுக்காரர் தங்கள் தரையைத் திறந்து காட்டினார்கள்; சுத்தமாக இருந்தது. ஜென்சி மண்ணை விரலால் கிளறினாள். கறுப்பு மண். அதில் புல்வேர்.

அந்த மண்ணை அவளுக்குத் தெரியும். அவர்களுடைய காணியின் மூலையில், நூறு வருடங்களுக்கு முன் குடியேறிய ஒரு குடும்பம் புற்றரையைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீடு இடிந்து கிடந்தது. அதன் கூரையும் மண்தான். பின்னால் சில சிறிய மேடுகள். ஒரே பனிக்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து இறந்த பிள்ளைகள் என்று அயல் விவசாயி சொல்லியிருந்தார். அவர்களைப் புதைத்துவிட்டுப் பெற்றோர் எங்கோ போய்விட்டார்களாம்.

ஜனவரியில் றொஷினி இருமத் தொடங்கினாள். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள் வைத்தியர்கள். மூச்சு மட்டும் நாளுக்கு நாள் சுருங்கியது.

ஒரு மத்தியானம் ஜென்சி அவளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் பனி வாரும் வண்டி இரைந்து போய் அடங்கியது. அறையில் ஈரமண் மணத்தது.

கூரைக்குள் யாரோ கதைத்தார்கள்.

பிள்ளைக் குரல்கள்.

"போட்டு வாறம்… போட்டு வாறம்…"

நாக்குக்குப் பழகாத சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது போல.

தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லும் றொஷினி, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "நாங்கள் திரும்பி வருவம் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம், அம்மா."

ஜென்சி குசினிக்குப் போய் அல்பேட்டிடமும் டனிஸ்ரனிடமும் சொன்னாள்.

"காணியை விட்டு வெளிக்கிடேக்கை அந்த மேட்டடியிலை மெழுகுதிரி கொளுத்தினனான். 'போட்டு வாறம் பிள்ளையள்' எண்டிட்டு வந்தனான்."

டனிஸ்ரன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "செத்தவீட்டிலையே திரும்பி வருவம் எண்டு சொல்லுறேல்லை, அண்ணி. பேசாமல் எழும்பி வாறது. நீங்கள் சவக்காலையிலையோ சொன்னனீங்கள்?"

"வாயிலை வந்திட்டுது."

"விசர்க்கதை," என்றான் அல்பேட். "அந்த வெள்ளைப் பிள்ளையளுக்குத் தமிழ் விளங்குமே?"

"ரெண்டு வருசமா நான் வேறை ஆரோடை கதைச்சனான்?"



அன்று பின்னேரம் றொஷினியின் உதடு நீலமானது. அல்பேட் அம்புலன்ஸில் அவளோடு ஏறினான். டனிஸ்ரன் காரை எடுக்கப் போனான். ஜென்சி சப்பாத்தை எடுக்கத் திரும்பியவள், படுக்கையறை வாசலில் நின்றாள். கட்டில் முழுக்க மண்.

"அவளை விடுங்கோ," என்றாள் மெல்ல. "நான் வாறன்."

மண் நின்றது.

மறுநாள் காலை றொஷினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள். ஜென்சி அப்போது சஸ்காச்சுவானின் தலைநகர் ரெஜைனாவுக்குப் போகும் விமானத்தில் இருந்தாள். அங்கே அவள் வாடகைக்கு எடுத்த கார், சூறைப்பனி ஓய்ந்த பிறகு பழைய காணிப் பாதையில் கண்டெடுக்கப்பட்டது. உள்ளே யாரும் இல்லை.

ஏப்ரலில் பனி கரைந்தபோது, இடிந்த மண்வீட்டின் பின்னால் அவளுடைய உடல் கிடைத்தது. குளிரால் நேர்ந்த மரணம் என்று பதிவு செய்தார்கள்.

றொஷினிக்கு இருமல் திரும்பி வரவில்லை. செப்டெம்பரில் ஆசிரியை அல்பேட்டை அழைத்தார். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்றார். இடைவேளையில் மட்டும் மதிலோரம் தனியே போய் நின்று, யாரோ பிள்ளைகளோடு தமிழில் கதைக்கிறாளாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு தமிழ்ப் பிள்ளைகள் இல்லை.