இரண்டாவது கை

தேவநேசன் கை தூக்கியதும் மங்களேஸ்வரிக்கு மூச்சு சீரானது. ஆறு ஆண்டுகளாக அவள் காத்திருந்தது அந்தக் கைக்காகத்தான்.

வங்கக்கடல் ஒன்றியத்தில் ஐந்து நாடுகள். மழையைப் பங்கிட ஒரே அவை, நாட்டுக்கு ஓர் உறுப்பினர். கடலில் மிதக்கும் முகில்திருப்பிகள் அவை சொல்லும் கரைக்கு மேகங்களைத் தள்ளிக்கொண்டு போகும். மேகத்தை இழந்த கரை காயும். வன்னியின் மழையைச் சென்னைக்குத் திருப்பிய தீர்மானம் சென்னைக்காரர் தேவநேசன் கொண்டுவந்தது. மூன்றாவது கோடையில், வன்னி ஊரான நாவலடிக்குளத்தில், மங்களேஸ்வரியின் மகள் தர்சிகா வெயிலில் சுருண்டு விழுந்தாள். எழவில்லை.

அதன்பிறகுதான் மங்களேஸ்வரி தேர்தலில் நின்றாள், அவைக்கு வந்தாள். போன மாதம் உடனுறை விதியை நிறைவேற்ற வைத்தாள்: ஓர் ஊரின் மழையை எடுக்கக் கை தூக்குபவர், மழை திரும்பும்வரை அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும்.

இன்று அந்தத் தீர்மானத்தை இன்னும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும் நாள். பழைய தீர்மானத்தைப் புதுப்பிக்க இரண்டு கைகள் போதும். சென்னையே திரையில் பார்த்துக்கொண்டிருந்ததால் தேவநேசன் தூக்கித்தான் ஆகவேண்டும். அங்கே போய்க் குடியிருக்க வேறு யாரும் துணியமாட்டார்கள், இரண்டாவது கை எழாது, தீர்மானம் தோற்கும், தன் பெயரும் கெடாது என்று அவர் நம்பியிருந்தார்.

மங்களேஸ்வரி கை தூக்கினாள்.

அவர் முகம் வெளுத்தது. "என்ன மேடம் பண்றீங்க? அது உங்க ஊரு. சும்மா இருந்திருந்தா அங்க மழை வந்திருக்குமே."

"தெரியும்," என்றாள். "நீங்கள் அங்க வரோணும்."

அடுத்த வாரம் ஒன்றியத்தின் வண்டி இருவரையும் நாவலடிக்குளத்தில் இறக்கிவிட்டுப் போனது. வெடித்த குளத்துக்குள் எலும்பு துருத்திய மாடுகள் நின்றன. நூறடி நடப்பதற்குள் தேவநேசன் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பார்க்க அவளுக்கு இனித்தது. தர்சிகா விழுந்த இடத்தை நாளைக்கே இவருக்குக் காட்ட வேண்டும், மத்தியான வெயிலில் அங்கே நிற்கவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் தம்பி சிவபாதம் ஒரு செம்புத் தண்ணீருடன் வந்தான். அவன் வீட்டுக்கு அன்றைய பங்கே நான்கு செம்புதான். அக்காவைத் தாண்டிப் போய், தேவநேசன் கையில் கொடுத்தான்.

"இவர் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும். இவர் தன்ர சனத்துக்கு மழை கேட்டவர்," என்றான் சிவபாதம். "நீங்கள் ஆருக்குக் கேட்டனீங்கள், அக்கா?"