ஆலா காட்டிய மணல் திட்டு

காஜா மைதீனின் சிறு படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. உள்ளே அவருடைய வாக்கி டாக்கியும் தண்ணீர் கேனும் கிடந்தன. கடற்பறவை ஆய்வாளரை மட்டும் காணோம்!

சாயங்காலம் பௌர்ணமிக் கடல் பொங்கும். புயல் எச்சரிக்கை வேறு. பறவைக் கூடுகளைத் தேடி அவர் எந்த மணல் திட்டில் இறங்கியிருந்தாலும் அது மூழ்கிவிடும். கடலிடம் பேரம் படியாது.

"கிளம்புங்கண்ணே!" என்றாள் நப்பின்னை. காஜாவின் சக ஆய்வாளர் அவள். கடலில் மூழ்கிய பழைய ஆற்றுத் தடங்களை அளந்து வரைபடமாக்குபவள். எதற்கும் மல்லுக்கட்டும் படகோட்டி கஸ்பார், அன்று உடனே இன்ஜினை முடுக்கினார்.

அவள் கைக்கருவியின் திரையில் ஒரு புள்ளி. பக்கத்தில் காஜாவின் பெயர். பறவை முதுகில் கட்டுவதற்காக அவர் எடுத்துப்போன குட்டி டிரான்ஸ்மிட்டர் அது.

"புள்ளி நகருது மேடம்! சார் உசிரோட இருக்காவ!"

துரத்தினார்கள். புள்ளி கிழக்கே போனது, தெற்கே வளைந்தது, திடீரெனக் காற்றை எதிர்த்துப் பாய்ந்தது.

"அண்ணே, நீந்துற மனுஷன் இவ்வளவு வேகமா போக முடியாது."

"அப்ப சுறாவா இழுத்துட்டுப் போவுது?" கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டார்.

நப்பின்னை தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் ஆய்வு நிலையத்தில் கருவியை எடுத்துப்போனவர் பெயரில்தான் பதிவார்கள். கட்டிய பறவையின் எண்ணைக் கரைக்குத் திரும்பியபின் ஏற்றுவார்கள். காஜா கட்டிவிட்டார், திரும்பவில்லை!

"நாம துரத்துறது ஒரு ஆலாவை!"

தலைக்கு மேலே அந்த வெள்ளைக் கடற்பறவை பறந்தது. அலகில் மீன், விழுங்கவில்லை.

"குஞ்சுக்குக் கொண்டுபோகுது. கூட்டுலதான் அவர் இதைப் பிடிச்சிருப்பார். பின்னாலயே விடுங்க!"

திட்டு தெரிந்தது. இடுப்பளவு நீரில் ஒரு மனிதர்! ஆனால் சுற்றிலும் பாறை, நுரை.

"உள்ள விட்டா படகு பொளந்துரும். மூணு பொணமாவா கரைக்குப் போவணும்?"

"பாறைக்கு நடுவுல பழைய ஆத்துத் தடம் இருக்கு. அதுல ஆழம் உண்டு."

"எந்தக் காலத்து ஆறு?"

"கடல் இங்க வர்றதுக்கு முந்தி."

"செத்த ஆத்தை நம்பி வரச் சொல்றிய!"

"நானும் இந்தப் படகுலதானண்ணே இருக்கேன்."

கஸ்பார் படகைப் பாறைகளை நோக்கித் திருப்பினார். நப்பின்னை தன் வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னாள்.

"இடது... இன்னும் இடது... நேரா!" அடிப்பலகை ஒருமுறை உரசியது. நப்பின்னை குனிந்து காஜாவின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள்.

அவரது மறு கை தலைக்கு மேலே தொப்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது. அதற்குள் ஒரே ஒரு குஞ்சு.

"மத்ததெல்லாம்?"

காஜா தண்ணீரைப் பார்த்தார்.

வழியில் இருந்த மேட்டுத் தீவுக்குக் கஸ்பார் தானாகவே படகைத் திருப்பினார். குஞ்சை உயரமான மணலில் விட்டு ஒதுங்கி நின்றார்கள். கூடவே வந்த ஆலா வட்டமடித்து இறங்கி, மீனைக் குஞ்சின் வாயில் வைத்தது.

புயலுக்கு முன் கரை சேர்ந்தார்கள். காத்திருந்தவர்கள் ஆரவாரம் செய்து காஜாவைத் தோளில் தூக்கப் போனார்கள். அவர் தடுத்தார்.

"இனி தனியா போகமாட்டேன்" என்றார்.

"கூப்பிடாட்டியும் நான் வருவேன்" என்று படகைக் கட்டினார் கஸ்பார்.